அழியும் வட்டில் ஒரு வலைப்பதிவு: ஹெரோக்குவில் கோஸ்ட்

ஒரு வலைப்பதிவு மென்பொருளை மேகச் சேவை ஒன்றில் ஏற்றி, முதல் பக்கம் திரையில் தெரிவதைப் பார்ப்பது இப்போதெல்லாம் கால் மணி நேர வேலை. அங்கே எழுதப்போகும் கட்டுரைகளும் படங்களும் ஓராண்டு கழித்தும் இருக்குமா என்பது அந்தக் கால் மணி நேரத்தில் தெரியாது. இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது, கோஸ்ட் என்ற வலைப்பதிவு மென்பொருளை ஹெரோக்கு என்ற மேகச் சேவையில் ஏற்றும் வழக்கம். 2013 முதல் 2022 வரை, காசு செலவழிக்காமல் எழுத விரும்பிய பலர் நாடிய வழி அது. ஏற்றுவது எளிது. ஏற்றியதும் அழகாக இயங்கும். பிறகு ஒருநாள் படங்கள் காணாமல் போகும். ஏன் போகின்றன என்று அடிவரை தோண்டிப் பார்த்தால், எந்த மேகச் சேவையில் எதை ஏற்றுவதானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி கையில் கிடைக்கும்: நான் எழுதும் ஒவ்வொன்றும் எந்த வட்டில் போய்ச் சேர்கிறது?

இரண்டு தரப்பு

கோஸ்ட், ஜான் ஓநோலனும் ஹன்னா வுல்ஃபும் சேர்ந்து தொடங்கிய திட்டம். ஓநோலன், வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளின் இடைமுகக் குழுவில் இருந்தவர். எழுதுவதற்கு மட்டுமே ஆன, சுமையில்லாத ஒரு மென்பொருள் வேண்டும் என்ற எண்ணத்தோடு 2013இல், பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 25,000 பவுண்டு கேட்டார்கள். 1,96,362 பவுண்டு சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மென்பொருள் பொதுவெளிக்கு வந்தது. பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட வேர்ட்பிரஸ்போல் அல்லாமல், இது ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில் எழுதப்பட்டது. வீட்டுக் கணினியில் நிறுவினால் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தோடு எழுந்து நிற்கும். அதாவது எழுதியதெல்லாம் ஒரே ஒரு கோப்புக்குள் இருக்கும். படங்களை ஏற்றினால் அதே கோப்புறை மரத்தில் ஆண்டு, மாதம் என்று பிரித்து அடுக்கி வைக்கும். தளத்தின் தோற்றத்தை வகுக்கும் வார்ப்புருக்களும் அங்கேதான். வட்டு தன்னுடையது, அது நாளைக்கும் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட மென்பொருள் இது.

ஹெரோக்கு 2007இல் ரூபி மொழி நிரலர்களுக்காகத் தொடங்கப்பட்டது. 2010 டிசம்பரில் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் அதை 21.2 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. மறு ஆண்டே நோட்.ஜேஎஸ் உள்ளிட்ட பிற மொழிகளுக்கும் இடம் கொடுத்தார்கள். நிரலின் பதிப்புகளைச் சேர்த்து வைக்கும் கிட் என்ற கருவி வழியாக நிரலைத் தள்ளினால் போதும். சர்வரை அமைப்பது, இயங்குதளத்தைப் புதுப்பிப்பது, பாதுகாப்புத் திருத்தங்களைப் போடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. நிரல் இயங்கும் சிறு பெட்டகத்துக்கு டைனோ என்று பெயர் வைத்தார்கள். ஹெரோக்குவின் நிறுவனர்களில் ஒருவரான ஆடம் விக்கின்ஸ் 2011இல் ‘பன்னிரண்டு காரணிச் செயலி’ என்ற ஒழுங்குமுறையை எழுதி வெளியிட்டார். அதன் ஆறாவது விதி, இயங்கும் நிரல் தன்னிடம் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. நிலைக்க வேண்டியது எதுவானாலும் தரவுத்தளம் போன்ற வெளிச் சேவையில்தான் இருக்க வேண்டும்.

டைனோவின் வட்டு இந்த விதியின்படியே கட்டப்பட்டது. எழுதலாம், படிக்கலாம், ஆனால் டைனோ மறுதொடக்கம் ஆகும் கணத்தில், கிட்டில் தள்ளியது மட்டும் மிஞ்சும், மற்றதெல்லாம் துடைக்கப்படும். டைனோக்கள் நாளுக்கு ஒருமுறையாவது தாமாகவே மறுதொடக்கம் ஆகும். 24 மணி நேரம், அதோடு எல்லாம் ஒரே நேரத்தில் விழாமலிருக்க 216 நிமிடம் வரை ஏதோ ஒரு கூடுதல். நிரலைப் புதிதாகத் தள்ளினாலும் மறுதொடக்கம். மின்னஞ்சல் கடவுச்சொல் போன்ற ஓர் அமைப்பை மாற்றினாலும் மறுதொடக்கம். 2015 முதல் 2022 வரை இலவச டைனோக்கள் அரை மணி நேரம் யாரும் வராவிட்டால் உறங்கப் போயின. எழும்போது வட்டு மீண்டும் புதியது. விடுதி அறையைத் தினமும் காலையில் காலி செய்து, பெருக்கி, அடுத்தவருக்குக் கொடுப்பதைப் போன்ற ஏற்பாடு. ஹெரோக்கு இதை ஒளிக்கவில்லை. ஆவணங்களில் தெளிவாகவே எழுதியிருந்தது. படிக்காமல் ஏற்றுவதற்கு வழி இருந்தது என்பதுதான் சிக்கல். 2014இல் ‘ஹெரோக்குவில் ஏற்று’ என்ற பொத்தான் வந்தது. ஒரு சொடுக்கு, பெயர் ஒன்று, அவ்வளவுதான்.

படம் மறைவதை அருகிலிருந்து பார்த்தல்

கட்டுரையாளர் ஒருவர் கோஸ்ட்டின் எழுதுபக்கத்தைத் திறந்து, ஒரு கோயில் கோபுரத்தின் படத்தை இழுத்துப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோஸ்ட் இரண்டு காரியம் செய்கிறது. படக் கோப்பை டைனோவின் வட்டில், அந்த ஆண்டு மாதத்துக்குரிய கோப்புறையில் எழுதுகிறது. கட்டுரைக்குள் அந்தப் படத்தின் பாதையை மட்டும் ஒரு வரியாக வைத்து, கட்டுரையைத் தரவுத்தளத்துக்கு அனுப்புகிறது. ஹெரோக்குவுக்கென்று அமைத்த தரவுத்தளம் டைனோவுக்கு வெளியே, வேறொரு சர்வரில் இருக்கிறது. இப்போது கட்டுரை நிலையான இடத்தில். படம் நிலையில்லாத இடத்தில். இரண்டும் சேர்ந்த பக்கம் திரையில் முழுமையாகத் தெரிகிறது. வெளியிட்டுவிட்டு அவர் உறங்கப் போகிறார். அரை மணி நேரத்தில் டைனோவும் உறங்குகிறது.

காலையில் வாசகர் ஒருவர் வருகிறார். டைனோ எழுகிறது. தரவுத்தளத்திலிருந்து கட்டுரை வருகிறது, அதற்குள் படத்தின் பாதையும் வருகிறது. அந்தப் பாதையில் கோப்பு இல்லை. வாசகருக்குத் தெரிவது கிழிந்த படச் சின்னம்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. படங்களை உலாவிகள் ஓராண்டு வரை தம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என்று கோஸ்ட் ஒவ்வொரு படத்தோடும் குறிப்பு அனுப்புகிறது. வேகத்துக்காகச் செய்த நல்ல ஏற்பாடு. ஆனால் படத்தை ஏற்றியவரின் உலாவியில் அது சேமிப்பிலிருந்தே தெரிந்துகொண்டிருக்கும். எழுதியவர் தன் பக்கத்தை எத்தனை முறை பார்த்தாலும் கோபுரம் இருக்கும். வாசகர்களுக்கு மட்டும் இருக்காது. யாராவது ‘படம் வரவில்லையே’ என்று சொன்னால், ‘உங்கள் இணையம் மெதுவாக இருக்கும்’ என்று பதில் சொல்லத்தான் தோன்றும். இந்த வழக்கில் கோளாறு நெடுநாள் கண்டுபிடிக்கப்படாமல் போவதற்கு இதைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன். வலைப்பதிவை ஏற்றியவுடன் செய்ய வேண்டிய முதல் சோதனை: ஒரு படத்தோடு ஒரு பதிவைப் போட்டுவிட்டு, சர்வரை வேண்டுமென்றே மறுதொடக்கம் செய்து, வேறொரு கைபேசியில் தனி உலாவல் சாளரத்தில் திறந்து பார்க்க வேண்டும்.

படங்களோடு போவது முடிவதில்லை. நிர்வாகப் பக்கம் வழியாக ஏற்றிய வார்ப்புருவும் அதே வட்டில்தான் இருக்கிறது. மறுதொடக்கத்துக்குப் பிறகு தரவுத்தளம் அந்த வார்ப்புருவின் பெயரைச் சொல்லும், கோப்புறை இருக்காது. 2018இல் கோஸ்ட் 2.0 வந்தபோது, தளத்தின் முகவரி அமைப்பையே மாற்றும் வழித்தடக் கோப்பு ஒன்று வந்தது. அதுவும் வட்டில்தான். நிர்வாகப் பக்கம் வழியாக அதை ஏற்றி, கட்டுரைகளின் முகவரிகளை மாற்றி அமைத்தவர்களுக்கு, மறுதொடக்கத்தில் கோப்பு பழைய நிலைக்குத் திரும்பி, பகிர்ந்த இணைப்புகள் எல்லாம் ‘பக்கம் இல்லை’ என்று விழும். வார்ப்புருவையும் வழித்தடக் கோப்பையும் கிட்டில் சேர்த்துத் தள்ளுவதே இதற்கு ஒரே வழி. நிர்வாகப் பக்கத்தில் அந்தப் பொத்தான்கள் இருந்தாலும் தொடக் கூடாது.

படங்களுக்கு வெளியே ஓர் இடம்

கோஸ்ட் இதற்கு ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. சேமிப்பு இணைப்பி என்று சொல்லலாம்: சேமி, இருக்கிறதா பார், எடுத்துக் கொடு, அழி, படி என்ற ஐந்து செயல்களை ஒரு சிறு நிரலாக எழுதிக் கொடுத்தால், கோஸ்ட் தன் வட்டை விட்டுவிட்டு அதனிடம் படங்களை ஒப்படைக்கும். அமேசானின் எஸ்3, கிளவுடினரி ஆகிய கோப்புச் சேமிப்புச் சேவைகளுக்கு ஆர்வலர்கள் எழுதிய இணைப்பிகள் கிடைத்தன. அமேசானின் மும்பை வட்டாரம் 2016இல் திறந்த பிறகு, இந்திய வாசகர்களுக்குப் படங்கள் அருகிலிருந்தே போய்ச் சேர்ந்தன. ஹெரோக்குவின் பொதுப் பிரிவில் அமெரிக்கா, ஐரோப்பா என்று இரண்டே வட்டாரங்கள். சென்னையிலிருந்து வர்ஜீனியாவுக்கு ஒரு கேள்வி போய்ப் பதில் வரவே 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். பாரமான படங்களை அங்கிருந்து அனுப்பாமலிருப்பது தனி ஆதாயம்.

எஸ்3 அணுகலுக்கான திறவுகோலை அந்த ஒரு படக் கொள்கலனுக்கு மட்டும் உரிமை உள்ளதாக வரையறுத்து, சூழல் மாறியாக (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பாக) ஹெரோக்குவின் அமைப்புப் பக்கத்தில் வைக்க வேண்டும். கிட்டில் வைத்தால், களஞ்சியம் பொதுவில் இருக்கும் பட்சத்தில், திறவுகோல் தேடும் தானியங்கி நிரல்களின் கையில் அது போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. கோஸ்ட் தன் அமைப்புகளை எல்லாம் சூழல் மாறிகளிலிருந்தே படிக்கவல்லது. அமைப்புப் படிநிலையின் ஒவ்வொரு மட்டத்துக்கும் நடுவே இரட்டை அடிக்கோடு போட்டால் போதும். கடவுச்சொல் எதையும் கோப்பில் எழுதத் தேவையே இல்லை.

இத்தனையும் சரியாகச் செய்தவர்களையும் ஓர் இடத்தில் கோஸ்ட் தடுக்கியது. நான்காம் வரிசைப் பதிப்புகளின் பிற்பகுதியில் ஒலி, காணொளி, இணைப்புக் கோப்புகளை ஏற்றும் வசதி வந்தது. அவற்றுக்குத் தனித்தனிச் சேமிப்பு இணைப்பிகள் வகுக்கப்பட்டன. முன்னிருப்பாக அவை உள்வட்டைத்தான் நாடும். படங்கள் எஸ்3இல் பத்திரமாக இருக்க, புதிதாக ஏற்றிய நேர்காணல் ஒலிப்பதிவு மட்டும் மறுநாள் இல்லாமல் போகும். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது, புதிய வசதி எதை எங்கே எழுதுகிறது என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஐந்து மெகாபைட்டில் தமிழ்

இனி தரவுத்தளம். எஸ்க்யூலைட் வட்டில் இருக்கும் கோப்பு என்பதால், ஹெரோக்குவில் அது ஒரு நாள் வாழ்வு. தொடக்கக் காலக் கோஸ்ட், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தோடும் இயங்கியது. ஹெரோக்குவின் சொந்தத் தரவுத்தளம் அதுதான் என்பதால் பலரும் அதிலேயே ஏற்றினார்கள். 2017 ஜூலையில் வெளியான கோஸ்ட் 1.0 போஸ்ட்கிரெஸ் ஆதரவைக் கைவிட்டது. பழைய பதிப்பிலிருந்து ஜேசன் என்ற வடிவிலான உரைக்கோப்பாகக் கட்டுரைகளை எடுத்து, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு புதிதாக நிறுவிய தளத்தில் ஏற்றுவதுதான் அன்றைய பாதை. அந்த ஜேசன் கோப்பில் படங்கள் வராது. படங்களை ஏற்கெனவே டைனோ வட்டில் இழந்தவர்களுக்கு, இழப்பு முழுதாகத் தெரிந்தது அப்போதுதான்.

மைஎஸ்க்யூஎல்லை ஹெரோக்குவில் வெளியார் துணைச்சேவையாகத்தான் பெற முடியும். கிளியர்டிபி, ஜாஸ்டிபி இரண்டும் இலவசத் திட்டத்தில் 5 மெகாபைட் இடமும் ஒரே நேரத்தில் பத்து இணைப்புகளும் தந்தன. ஆங்கிலத்தில் குறுங்குறிப்புகள் எழுதுபவருக்கு அது சில காலம் வரும். தமிழில் எழுதுபவருக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. யுனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் எடுக்கும். மெய்யும் அதன் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடு, புள்ளியும் ஒரு குறியீடு. 1,500 சொல் கொண்ட கட்டுரையில், சொல்லுக்குச் சராசரி ஒன்பது குறியீடு என்று வைத்தால், ஏறத்தாழ 40 கிலோபைட். அன்றைய பதிப்புகளில் கோஸ்ட் ஒரே கட்டுரையை மூன்று வடிவில் வைத்திருந்தது: தொகுப்பிக்கான மொபைல்டாக், வாசகருக்கான எச்டிஎம்எல், வெறும் உரை. ஆக 120 கிலோபைட். அந்தப் பதிப்புகள் ஒவ்வொரு கட்டுரைக்கும் பத்து வரை முந்தைய திருத்தங்களையும் மொபைல்டாக் வடிவில் சேர்த்து வைத்தன. பல முறை திருத்தி எழுதுபவருக்கு இன்னும் 400 கிலோபைட். அப்படி எழுதினால் பத்துக் கட்டுரையைத் தாண்டுவதற்கு முன்பே ஒதுக்கீடு நிரம்பிவிடும். இந்தக் கணக்கில், காலியாக இருக்கும் அட்டவணைகளுக்காகவே மைஎஸ்க்யூஎல் பிடித்துக்கொள்ளும் இடத்தை நான் சேர்க்கவில்லை.

தமிழுக்கென்று இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். தரவுத்தளத்தின் எழுத்துக் குறியாக்கம் நான்கு பைட் வகையாக இருக்க வேண்டும். பழைய மூன்று பைட் வகையில் தமிழ் எழுத்துகள் பிழைத்துக்கொள்ளும். கட்டுரையில் ஓர் எமோஜி விழுந்தால் சேமிப்பே தோற்கும், அல்லது உரை அந்த இடத்தோடு வெட்டுப்படும். அடுத்தது முகவரி. கோஸ்ட் தலைப்பிலிருந்து தானாக உருவாக்கும் முகவரி, தமிழை ரோமன் எழுத்துக்கு மாற்றும்போது அகர ஒலியை விழுங்கிவிடுகிறது. படிக்க முடியாத மெய்யெழுத்துக் கூட்டமாக வருகிறது. வெளியிடும் முன் கையால் திருத்துவதே சரி. வெளியிட்ட பிறகு திருத்தினால் பகிர்ந்த இணைப்பு உடையும்.

அறுபது வினாடிக்குள் எழுந்தாக வேண்டும்

டைனோ எழுந்ததும், ஹெரோக்கு தரும் எண்ணுள்ள நுழைவாயிலில் (போர்ட்டில்) 60 வினாடிக்குள் நிரல் காது கொடுத்து நிற்க வேண்டும். இல்லையென்றால் ஆர்10 என்ற குறியோடு அது நிறுத்தப்படும். கோஸ்ட் முன்னிருப்பாக 2368 என்ற வாயிலில் நிற்கும். அதை மாற்றிக் கொடுக்காமல் ஏற்றியவர்கள் முதல் நாளே இந்தக் குறியைப் பார்த்திருப்பார்கள். பார்த்தவுடன் திருத்திவிடலாம், கெடுதல் இல்லை.

கெடுதல் செய்வது மேம்படுத்தும் நாளில் வரும் ஆர்10. கோஸ்ட்டின் புதிய பதிப்பு முதல்முறை எழும்போது, தரவுத்தள அட்டவணைகளைத் தன் புதிய அமைப்புக்கு மாற்றுகிறது. இரண்டு பிரதிகள் ஒரே நேரத்தில் மாற்றிவிடக் கூடாது என்பதற்காக, மாற்றம் நடக்கிறது என்று ஒரு பூட்டு அட்டவணையில் குறித்துவைத்துவிட்டுத் தொடங்கும். தரவுத்தளம் தூரத்தில், மெதுவான இலவசத் திட்டத்தில் இருந்தால், இந்த மாற்றம் அறுபது வினாடியைத் தாண்டலாம். ஹெரோக்கு நடுவிலேயே நிறுத்திவிடும். பூட்டு அப்படியே இருக்கும். அடுத்த முறை எழும் கோஸ்ட், யாரோ மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து எழ மறுக்கும். எத்தனை முறை மறுதொடக்கம் செய்தாலும் இதே கதை. தரவுத்தளத்துக்குள் நேரடியாகப் போய்ப் பூட்டை விடுவிக்கலாம். ஆனால் பாதி மாறிய அட்டவணைகளின் மேல் அது ஆபத்தான வேலை. மேம்படுத்தும் முன் தரவுத்தளத்தின் முழு நகலை எடுத்துவைத்து, மாற்றத்தை மட்டும் அந்த அறுபது வினாடி வரம்பில்லாத ஒற்றைப் பணி டைனோவில் ஓட்டி முடித்த பிறகு புதிய பதிப்பை எழுப்புவதே பாதுகாப்பான முறை.

இன்னொரு சுழலும் அடிக்கடி கண்ணில் பட்டது. இலவச டைனோவில் சொந்தப் பெயர்வெளிக்கு (டொமைனுக்கு) பாதுகாப்புச் சான்றிதழ் கிடைக்கவில்லை. அதனால் வாசகருக்கும் சர்வருக்கும் நடுவில் நிற்கும் கிளவுட்ஃபிளேர் சேவையை வைத்து, அதன் நெகிழ்வு முறையைப் பயன்படுத்தினார்கள்: வாசகரிடமிருந்து கிளவுட்ஃபிளேர் வரை மறையாக்கம், அங்கிருந்து ஹெரோக்கு வரை வெறும் இணைப்பு. கோஸ்ட்டுக்குத் தளத்தின் முகவரி பாதுகாப்பானது என்று சொல்லியிருக்கும். வந்து சேரும் கேள்வியோ பாதுகாப்பற்றதாகத் தெரியும். உடனே பாதுகாப்பான முகவரிக்குத் திருப்பி அனுப்பும். உலாவி மீண்டும் கிளவுட்ஃபிளேர் வழியாக வரும், மீண்டும் அதே கதை. கடைசியில் ‘திருப்பல்கள் மிக அதிகம்’ என்று உலாவி கைவிடும். வாசகருக்குப் பூட்டுச் சின்னம் காட்டிவிட்டு மறுபாதி வழியைத் திறந்துவிடும் அந்த முறையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 2017இல் ஹெரோக்கு, கட்டண டைனோக்களுக்குச் சான்றிதழைத் தானாகவே வழங்கத் தொடங்கியது. மாதம் ஏழு டாலர் கொடுத்து அதைப் பெறுவதே நேர்மையான தீர்வாக இருந்தது.

2022

அந்த ஆண்டு ஏப்ரலில் கிட் களஞ்சியங்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தோடு ஹெரோக்குவை இணைக்கும் அணுகல் சீட்டுகள் திருடப்பட்டது வெளிவந்தது. இணைப்பை நிறுத்திவைத்தார்கள். கிட்ஹப்பிலிருந்து தானாகத் தளத்தைப் புதுப்பித்துவந்தவர்கள் சில வாரங்கள் கையால் தள்ள வேண்டியிருந்தது. மே மாதம் கோஸ்ட் 5.0 வந்தது, பொதுவில் இயங்கும் தளங்களுக்கு இனி மைஎஸ்க்யூஎல் 8 மட்டுமே என்றது. ஆகஸ்ட் 25 அன்று ஹெரோக்கு தன் இலவசத் திட்டங்களை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. நவம்பர் 28 முதல் இலவச டைனோக்களும் ஹெரோக்குவின் சொந்த இலவசத் தரவுத்தளங்களும் இல்லை.

மூன்று மாத அவகாசம். நியாயமான அவகாசம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஏற்றிவிட்டு மறந்தவர்களுக்கு எந்த அறிவிப்பும் போய்ச் சேராது. பழைய கல்லூரி மின்னஞ்சல் முகவரியில் பதிவு செய்திருப்பார்கள். உயிரோடு எழுதிக்கொண்டிருந்தவர்கள் வெளியேறத் தொடங்கினார்கள். கோஸ்ட் தன் அதிகாரபூர்வ நிறுவல் வழியாகச் சொல்வது உபுண்டு இயங்குதளம் ஓடும் ஒரு மெய்நிகர் சர்வர், என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் மென்பொருள், மைஎஸ்க்யூஎல் 8, குறைந்தது ஒரு ஜிகாபைட் நினைவகம். பெங்களூரிலோ மும்பையிலோ இப்படி ஒன்று மாதம் ஐந்தாறு டாலருக்குக் கிடைத்தது. வட்டு நிலையானது, படங்கள் அங்கேயே இருக்கலாம்.

குடிபெயரும்போது எடுத்துப்போக வேண்டியவை ஒரே இடத்தில் இல்லை. நிர்வாகப் பக்கத்தின் ஜேசன் ஏற்றுமதியில் கட்டுரைகள் வரும். படங்கள் வராது, உறுப்பினர் பட்டியலும் வராது. உறுப்பினர்களைத் தனியே சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக எடுக்க வேண்டும். வார்ப்புருவும் வழித்தடக் கோப்பும் கிட்டில் இருக்கும். படங்கள் எஸ்3இல். எஸ்3இலேயே விட்டுவைத்தால் ஒன்றும் மாற்ற வேண்டாம். புதிய சர்வருக்குக் கொண்டுவருவதானால் கட்டுரைகளுக்குள் இருக்கும் எஸ்3 முகவரிகளை மாற்ற வேண்டும், இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. எச்டிஎம்எல் வடிவில் மட்டும் தேடி மாற்றினால் தளம் சரியாகத் தெரியும். எல்லாம் முடிந்தது என்று தோன்றும். ஆனால் அன்றைய கோஸ்ட்டில் மூலம் மொபைல்டாக் வடிவம்தான். ஆசிரியர் பழைய கட்டுரையைத் திறந்து ஒரு காற்புள்ளியைத் திருத்திச் சேமித்தால், எச்டிஎம்எல் அதிலிருந்து மீண்டும் உருவாகும், பழைய முகவரி திரும்பி வந்துவிடும். எஸ்3 கொள்கலனை அதற்குள் அழித்திருந்தால் அந்தப் படமும் போயிற்று. இரண்டு வடிவங்களிலும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு பழைய கட்டுரை ஒன்றைத் திறந்து, சேமித்து, படம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

புதிய சர்வரில் சின்னச் சின்ன இடறல்கள் உண்டு. நிறுவும் பயனருக்கு ‘கோஸ்ட்’ என்றே பெயர் வைக்கக் கூடாது. நிறுவுகருவி அதே பெயரில் தனக்கென்று ஒரு பயனரை உருவாக்கும். உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல்லின் மூலப் பயனர் (ரூட்) கடவுச்சொல் இல்லாமல் இயங்குதள அடையாளத்தோடு நுழையும்படி அமைந்திருக்கும். கடவுச்சொல் முறைக்கு மாற்றாமல் நிறுவல் நகராது. ஒரு ஜிகாபைட் நினைவகத்தில் மேம்படுத்தும்போது நிறுவல் பாதியில் கொல்லப்படலாம். நினைவகம் போதாதபோது கைகொடுக்கும் இடமாற்றுக் கோப்பு ஒன்றை வட்டில் ஒதுக்கிவிட்டுத் தொடங்க வேண்டும். அஞ்சலுக்கு 25ஆம் வாயிலைப் பெரும்பாலான மேகச் சேவைகள் மூடிவைத்திருக்கின்றன. 587ஆம் வாயிலில் ஓர் அஞ்சல் சேவையைக் கட்டிக்கொள்வது நல்லது. அஞ்சல் வேலை செய்யவில்லை என்பது கடவுச்சொல்லை மறந்த நாளில்தான் தெரியவரும் என்பதால், நிறுவிய அன்றே தனக்குத்தானே ஒரு கடவுச்சொல் மீட்பு அஞ்சல் அனுப்பிப் பார்ப்பது நல்லது.

நிலையான வட்டுக்கு வந்ததால் நிம்மதி என்று இருந்துவிட முடியாது. ஹெரோக்கு தினமும் துடைத்ததால் கோளாறு வாசகர்களுக்காவது உடனே தெரிந்தது. மெய்நிகர் சர்வரின் வட்டு ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக இருந்துவிட்டு ஒருநாள் போகும். கடன் அட்டை காலாவதியாகிக் கட்டணம் செலுத்தப்படாமல் சர்வர் அழிக்கப்படுவதும் நடக்கிறது. தரவுத்தளத்தின் நகலும் உள்ளடக்கக் கோப்புறையின் நகலும் தினமும் வேறொரு நிறுவனத்தின் சேமிப்பிடத்துக்குப் போக வேண்டும். அந்த நகலிலிருந்து, எப்போதாவது, ஒரு தற்காலிகச் சர்வரில் தளத்தை முழுதாக எழுப்பிப் பார்க்க வேண்டும். எழுந்து வராத நகலை நகல் என்று கணக்கில் சேர்க்க முடியாது.

முகவரி

வெளியேறியவர்களில் சொந்தப் பெயர்வெளி வைத்திருந்தவர்களுக்குக் கடைசிக் கட்டம் எளிதாக முடிந்தது. பெயரைச் சர்வரோடு இணைக்கும் பெயர்வெளிப் பதிவின் ஆயுளை (பிற கணினிகள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) ஒரு நாள் முன்பே சில நிமிடங்களாகக் குறைத்துவைத்து, புதிய சர்வர் தயாரானதும் பதிவை அங்கே திருப்பினால் போதும். பகிர்ந்த இணைப்புகள் எல்லாம் அப்படியே புதிய இடத்தில் திறந்தன.

ஹெரோக்கு தந்த இலவச முகவரியிலேயே எழுதிவந்தவர்களின் நிலை வேறு. அந்த முகவரி ஹெரோக்குவுக்குச் சொந்தம். செயலியை நீக்கினால் அது கைவிட்டுப் போகும்; அப்போது வேறு யாரும் அதே முகவரியில் வேறொன்றை ஏற்றவும் முடிந்தது. விக்கிப்பீடியாவின் அடிக்குறிப்புகளில், மற்றவர்களின் கட்டுரைகளில், அச்சான நூல்களில் ஏறிவிட்ட இணைப்புகளை யாராலும் திருத்த முடியாது. அவர்களுக்கு நான் சொன்ன வழி, இப்போதும் சொல்வது: கட்டுரைகளைப் புதிய முகவரிக்கு மாற்றிய பிறகும் பழைய செயலியை நீக்காதீர்கள். கோஸ்ட்டை அதிலிருந்து எடுத்துவிட்டு, வரும் ஒவ்வொரு முகவரியையும் அதே பாதையோடு புதிய பெயர்வெளிக்கு நிரந்தரமாகத் திருப்பும் சிறு நிரல் ஒன்றை மட்டும் அங்கே வையுங்கள். அதற்குத் தரவுத்தளம் வேண்டாம், வட்டும் வேண்டாம். மாதம் ஐந்து டாலர் திட்டத்தில் ஓடும். தேடுபொறிகள் புதிய முகவரிக்கு மாறிய பிறகும் ஓராண்டாவது அதை ஓடவிடுங்கள்.